உயரத்தின் சுவையும் கடைமடையின் நீரும்

அண்மைக் காலமாக ஒயின் புட்டிகளின் முகப்புச் சீட்டில் திராட்சை வகை, ஊர், ஆண்டு ஆகியவற்றோடு இன்னோர் எண்ணும் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து தோட்டம் எத்தனை மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. அர்ஜென்டினாவின் வடமேற்கே, சால்தா மாநிலத்தில், கொலோமே என்னும் நிறுவனம் 3,111 மீட்டர் உயரத்திலுள்ள தன் தோட்டத்துக்கு ‘அல்துரா மாக்சிமா’, அதாவது ‘உச்ச உயரம்’ என்றே பெயர் சூட்டியிருக்கிறது. திபெத்தில் லாசாவுக்கு அருகே 3,563 மீட்டரில் ஒரு திராட்சைத் தோட்டம் 2018இல் கின்னஸ் பட்டியலில் ஏறியது. மலையேறிகள் தாம் தொட்ட சிகரங்களை எண்ணிக்கொள்வதுபோல ஒயின் வணிகமும் மீட்டர்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பற்றி நாம் இங்கே சற்று யோசிக்க விரும்புகிறோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் மது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். யவனர் கலங்களில் வந்திறங்கிய தேறலைப் பற்றிப் புறநானூற்றின் 56ஆம் பாடல் பேசுகிறது. அரிக்கமேட்டு அகழாய்வில் அந்தத் தேறல் வந்த சாடிகளின் உடைந்த ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. ஆகவே விஷயம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஆனால் நம் அக்கறைக்கு அதைவிட முக்கியமான காரணம் வேறு. ஒரு நிலம் தன்னில் விளைவதன் குணத்தை எவ்வாறு தீர்மானிக்கிறது என்னும் கேள்வி, திணை என்ற கருத்தோடு வளர்ந்தவர்களுக்கு உரிய கேள்வி. பிரெஞ்சுக்காரர்கள் ‘தெர்வார்’ என்னும் ஒற்றைச் சொல்லில் சொல்ல முயல்வதைத் தொல்காப்பியம் முதல், கரு, உரி என மூன்றாகப் பிரித்து வைத்தது. அதிலும் முதற்பொருள் என்பது நிலம் மட்டுமன்று. நிலமும் பொழுதும் சேர்ந்தது. மலைத்தோட்டங்களைப் புரிந்துகொள்ள இந்தப் பகுப்பு பெரிதும் உதவும் என்று கருதுகிறோம். மலை திராட்சைக்குத் தருவது உயரம் என்பதைக் காட்டிலும் பொழுது என்பதே பொருத்தம். அந்தப் பொழுது பலிக்க வேண்டுமானால் நீர் வேண்டும். நீர் இருக்குமிடத்தில் உரிமையும் வழக்கும் வந்துவிடும். புட்டியின் மேலுள்ள எண்ணில் இவற்றுள் ஒன்றுமே இல்லை.

இதற்கு மெண்டோசாவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அர்ஜென்டினாவின் மேற்கு விளிம்பில், ஆண்டீஸ் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள மாநிலம் அது. 6,961 மீட்டர் உயரமுள்ள அகோன்காகுவா சிகரம் அந்த மாநிலத்தின் எல்லைக்குள்தான் நிற்கிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் மறுபுறமும் முகடுகளிலும் மழையாகவும் பனியாகவும் தன்னைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வறண்ட காற்றாகவே இந்தப் பக்கம் இறங்குகிறது. மெண்டோசாவில் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது, ஏறக்குறைய பாலை. இருந்தும் நாட்டின் ஒயினில் மிகப்பெரும் பங்கு இங்கிருந்துதான் வருகிறது. மாநிலத் தலைநகர் சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தென்மேற்கே ஊகோ பள்ளத்தாக்கை நோக்கிப் போகப் போக நிலம் சிறிது சிறிதாக உயர்ந்து, குவால்தஜாரி என்னும் இடத்தில் 1,500 மீட்டரைத் தொடுகிறது. பார்வைக்குச் சமவெளிபோல் தோன்றும் இந்தச் சாய்வில் வரிசைவரிசையாகத் திராட்சைக் கொடிகள்.

இந்தக் கொடிகளில் பெரும்பான்மை மால்பெக். தென்மேற்குப் பிரான்சின் கஓர் வட்டாரத்தைச் சேர்ந்த இந்தக் கருநிறத் திராட்சை இங்கே வந்ததற்கு ஒரு நாட்டின் கல்விக் கனவு காரணமாயிருந்தது. பின்னாளில் அர்ஜென்டினாவின் அதிபரான எழுத்தாளர் தொமிங்கோ ஃபவுஸ்தினோ சார்மியந்தோவின் முயற்சியால், பிரெஞ்சு வேளாண் அறிஞர் மிஷேல் எமே புஜே 1853இல் மெண்டோசாவில் வேளாண் பள்ளி ஒன்றை நிறுவ வந்தார். பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகள் அவர் வழியே வேரூன்றின. 1885இல் இரயில் வந்தது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் குடியேறியவர்கள் வந்தார்கள். புவெனோஸ் ஐரெஸின் தாகத்தைத் தணிப்பதே மெண்டோசாவின் தொழிலாயிற்று. 1970களின் தொடக்கத்தில் ஓர் அர்ஜென்டினர் ஆண்டுக்குச் சுமார் 90 லிட்டர் ஒயின் குடித்தார். இன்று அதில் நான்கிலொரு பங்குகூட இல்லை. அந்த நாள்களில் வேண்டியிருந்தது அளவு. தாழ்ந்த, வெப்பமான, வாய்க்கால் நீர் எளிதில் பாயும் நிலங்களில் கொத்துக்கொத்தாகக் காய்த்துத் தள்ளும் தோட்டங்களே இலாபமானவை. உயரத்தைப் பற்றி அன்று எவரும் பெருமை பேசியதில்லை.

உள்நாட்டுக் குடி குறைந்து, தொழில் நெருக்கடிக்குள்ளாகி, மால்பெக் கொடிகள் பெருமளவில் பிடுங்கப்பட்ட பின்னரே மலையை நோக்கிய பார்வை பிறந்தது. நிக்கோலாஸ் கதேனா 1992இல் குவால்தஜாரியில், 1,450 மீட்டர் உயரத்தில், ‘அத்ரியானா’ என்னும் தோட்டத்தை நட்டார். அங்கே மால்பெக் கனியவே கனியாது என்று அவருடைய தோட்டப் பொறுப்பாளரே எச்சரித்ததாக அக்குடும்பத்தார் சொல்வதுண்டு. அந்த எச்சரிக்கையில் தவறொன்றுமில்லை. அதுவரை அங்கே இருந்த அனுபவ அறிவின்படி குளிர் என்பது குறை. சர்க்கரை ஏறாத காய் என்றால் விலைபோகாத காய். ஆனால் கொடிகள் கனிந்தன, தாமதமாக. அந்தத் தாமதமே புதிய சுவையாக அமைந்தது.

இனி அந்தத் தாமதம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 0.6 டிகிரி செல்சியஸ் குறையும். 750 மீட்டருக்கும் 1,450 மீட்டருக்கும் இடையே ஏறக்குறைய நான்கு டிகிரி வேறுபாடு. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் திராட்சையின் கணக்கில் அது பூப்பதையும் நிறம் மாறுவதையும் அறுவடையையும் பின்னே தள்ளிவைக்கும் எண். வெப்பமான தாழ்நிலத்தில் காயில் சர்க்கரை விரைந்து ஏறிவிடும். தோலும் விதையும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. இனிப்பு முந்திக்கொள்ள, துவர்ப்பு பச்சையாகவே நின்றுவிடும். தோல் பக்குவப்படும்வரை காத்திருந்தாலோ சர்க்கரை எல்லை மீறி, ஒயினில் சாராயத்தின் காரம் ஏறிவிடும். மலையில் இந்த இரண்டு கடிகாரங்களும் ஓரளவு ஒன்றுக்கொன்று ஒத்து ஓடுகின்றன.

இரவின் பங்கு இதைவிட நுட்பமானது. திராட்சையின் புளிப்புக்குக் காரணமானவற்றுள் ஒன்று மாலிக் அமிலம். காய் மூச்சுவிடும்போது இந்த அமிலத்தை எரித்துச் செலவிடுகிறது. வெப்பம் கூடக்கூடச் செலவும் கூடும். பகல் எவ்வளவு காய்ந்தாலும், மலையில் சூரியன் மறைந்ததும் நிலம் விரைந்து குளிர்ந்துவிடுகிறது. மெல்லிய, வறண்ட காற்றால் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடிவதில்லை. அந்தக் குளிர்ந்த இரவில் காய் தன் புளிப்பைச் சேமித்துக்கொள்கிறது. உயரத்து மால்பெக்கை நாவில் வைத்தவர்கள் முதலில் குறிப்பிடும் ‘புத்துணர்வு’ இந்தச் சேமிப்பிலிருந்து வருவதே. குறிஞ்சிக்கு யாமத்தைச் சிறுபொழுதாக வகுத்தவர்கள் திராட்சையை எண்ணி வகுக்கவில்லைதான். ஆயினும் மலைக்குரிய பொழுது நள்ளிரவு என்ற அந்தக் கூற்று ஆண்டீஸ் சரிவிலும் வேறொரு வகையில் உண்மையாகிறது.

பகலின் கதை வேறு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர்வீச்சு சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. மெண்டோசாவின் குயோ தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஃபெதெரிகோ பெர்லி, ரூபென் பொத்தினி முதலிய ஆய்வாளர்கள் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், சுமார் 1,450 மீட்டர் உயரத்தில் இருந்த மால்பெக் கொடிகளைக் கொண்டு ஓர் எளிய சோதனை செய்தார்கள். சில கொடிகளின் மேல் புற ஊதா-பி கதிரை மட்டும் தடுக்கும் மென்தகட்டை விரித்தார்கள். மற்றவற்றை முழு வெயிலில் விட்டார்கள். வெயிலில் நின்ற காய்களின் தோலில் நிறமிகளும் துவர்ப்புப் பொருள்களும் கூடுதலாக இருந்தன. ஆனால் காய் சிறுத்தது, விளைச்சலும் குறைந்தது. அதாவது மலை ஒயினின் ஆழ்ந்த நிறமும் செறிந்த துவர்ப்பும், கொடி தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தோலில் கட்டிய அரண். நாம் சுவை என்று கொண்டாடுவது அதற்குத் தற்காப்பு; அதற்கான விலையை விளைச்சலாக உழவர் செலுத்துகிறார்.

இவ்விரண்டும், குளிர்ந்த காற்றும் கூரிய வெயிலும், ஒரே இடத்தில் கூடுவதுதான் மலையின் தனித்தன்மை. வடக்கே குளிர்நாடுகளுக்குப் போனால் குளிர் கிடைக்கும், இந்த வெயில் கிடைக்காது. தாழ்ந்த பாலைக்குப் போனால் வெயில் கிடைக்கும், இந்த இரவு கிடைக்காது. தாழ்நிலத்து மால்பெக் கனிந்த பிளம் பழத்தின் பாகுபோல, அகன்று, இனிப்பின் சாயலோடு நாவில் படரும். உயரத்து மால்பெக்கில் நிறம் ஆழமாக இருக்கும். ஆனால் உடல் இறுக்கமானது. வயலெட் பூவின் மணம், புளிப்புச் செரியின் கூர்மை, ஈறுகளைச் சற்றே இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பு. இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. மேலே சொன்ன காரணங்கள் எல்லாம் அளந்தறியக் கூடியவை.

அப்படியானால் முகப்புச் சீட்டின் எண் சரிதானே என்று கேட்கலாம். இங்கேதான் நாம் வணிகத்தோடு முரண்படுகிறோம். முதலாவதாக, உயரம் தனித்துப் பொருள் தருவதில்லை. சுவிட்சர்லாந்தின் ஃபிஸ்பர்டெர்மினென் ஊரில் 1,150 மீட்டரில் திராட்சை விளைவது அரிய செயல். தெற்குச் சரிவின் வெயில்தான் அதைக் காப்பாற்றுகிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலும் நெருங்கிய கஃபாயாத்தேயில் 1,700 மீட்டர் என்பது சாதாரண உயரம். ஒரே பள்ளத்தாக்கில் ஒரே உயரத்தில் இருந்தாலும், குளிர்காற்று இறங்கித் தேங்கும் பள்ளத்தில் உறைபனி கொடியைக் கருக்கும். சற்றுத் தள்ளிச் சரிவிலிருக்கும் தோட்டம் தப்பிக்கும். குவால்தஜாரியின் புகழுக்கு உயரத்தோடு அதன் சரளையும் சுண்ணாம்பும் கலந்த மண்ணுக்கும் பங்குண்டு. ‘கல்லின் சுவை’ என்று சிலர் எழுதுவதைப்போல வேர்கள் கல்லை உறிஞ்சிக் காயில் சேர்ப்பதில்லை. கூழாங்கல் நிறைந்த நிலம் நீரைத் தேக்கி வைக்காது. கொடி அளவோடு குடித்து அளவோடு வளர்கிறது. கல் செய்வது பெரும்பாலும் அவ்வளவே.

இரண்டாவதாக, மலை சொன்னதைக் கிடங்கில் அழித்துவிட முடியும். 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் அமெரிக்கச் சந்தையின் நாவை எண்ணி, மிகக் கனியவிட்டுப் பறித்து, புதிய ஓக் மரப்பீப்பாய்களில் நெடுநாள் ஊறவைத்த உயரத்து ஒயின்கள் ஏராளம். அவற்றில் மேலோங்கி நின்றது பீப்பாயின் வெனிலா மணம். மலை அதனடியில் புதைந்துபோயிற்று. தோட்டத்தின் உயரம் அன்றும் அதேதான். பின்னர் முன்னதாகவே பறிக்கவும், சிமெண்டுத் தொட்டிகளுக்குத் திரும்பவும், மரத்தின் பூச்சைக் குறைக்கவும் ஒரு தலைமுறை துணிந்த பிறகே அந்த இடத்தின் குரல் கேட்கத் தொடங்கியது. உயரம் வாய்ப்பைத்தான் தருகிறது. அந்த வாய்ப்பை எடுத்துக்கொள்வதும் கெடுத்துக்கொள்வதும் மனிதர் கையில்.

மூன்றாவது காரணமே நமக்கு முதன்மையானது: நீர். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழையில் மால்பெக் பிழைக்காது. குளிர்காலத்தில் முகடுகளில் பெய்த பனி வேனிலில் உருகி ஆறாக இறங்குவதால்தான் மெண்டோசா உயிர்வாழ்கிறது. அந்த நீரை வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்த ஊவார்ப்பே மக்கள். அவர்கள் வெட்டியவற்றை விரிவாக்கியே பிற்கால வாய்க்கால் வலை உருவானது. இன்றும் மெண்டோசா நகரத்துத் தெருக்களின் இருபுறமும் ஓடும் ‘அசேக்கியா’ என்னும் கால்வாய்கள்தான் சாலையோர மரங்களை வளர்க்கின்றன. மாநிலத்தின் நிலப்பரப்பில் சுமார் 4 விழுக்காடே பாசனப் பகுதி. மக்களில் மிகப் பெரும்பாலோர் அதற்குள்தான் நெருங்கி வாழ்கிறார்கள். எஞ்சியது முட்புதரும் மணலும்.

1884இல் இயற்றப்பட்ட மெண்டோசாவின் நீர்ச்சட்டம் படித்துப் பார்க்கத் தக்கது. நீர் பொதுச்சொத்து; பாசன உரிமை நிலத்தோடு பிணைந்தது; நிலத்திலிருந்து பிரித்து அதைத் தனியே விற்க முடியாது. மலைக்கு அப்பால் சிலியில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் நீருரிமையை நிலத்திலிருந்து பிரித்து விற்பனைப் பொருளாக்கியதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். ஒவ்வொரு வாய்க்காலின் பயனாளிகளும் தமக்குள் ஒரு கண்காணிப்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முறைவைத்து மடை திறந்துவிட ‘தோமெரோ’ என்ற பணியாளர் உண்டு. நம் ஏரிப்பாசன ஊர்களின் நீர்க்கட்டிகளை அறிந்தவர்களுக்கு அவரை மேலும் விளக்க வேண்டியதில்லை. தலைமடை, கடைமடை என்ற சொற்களின் வலியும் அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

வாய்க்கால் நீர் சரிவில் இறங்கும், ஏறாது. ஆகவே முதல் மடைக்கு மேலேயுள்ள நிலம் நெடுங்காலம் தரிசாகவே கிடந்தது. 1990களில் சொட்டுநீர்க் குழாய்களும் ஆழ்குழாய்க் கிணறுகளும் மின்மோட்டார்களும் பரவிய பின்னரே ஊகோ பள்ளத்தாக்கின் மேற்சரிவுகள் தோட்டங்களாயின. புட்டியில் நாம் வாசிக்கும் மீட்டர்களில் கடைசி சில நூறு மீட்டர்களை ஏறியவை மோட்டார்கள். சொட்டுநீர் சிக்கனமானது என்பது உண்மை. பழைய வாய்க்கால் பாய்ச்சலைவிட ஒரு கொடிக்கு அது குறைவாகவே செலவிடுகிறது. ஆனால் முன்பு கொடியே இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கான கொடிகள் நடப்படும்போது, சிக்கனமான குழாயும் புதிய செலவுதான். ஊகோ பள்ளத்தாக்கின் அமைப்பும் அத்தகையது. மேலே சரளையில் இறங்கும் நீர் கீழே ஊற்றாகவும் ஓடையாகவும் வெளிப்பட்டுத் துனுயான் ஆற்றைச் சேர்ந்து, கிழக்கேயுள்ள பழைய தோட்டங்களுக்குப் போகிறது. மேலே இறைப்பது, கீழே ஊறவேண்டியதைத்தான்.

கீழே இருப்பவர் யார்? மாநிலத்தின் கிழக்கே, சான் மார்த்தின், ரிவாதாவியா, சாந்தா ரோசா வட்டாரங்களில் செரேசா, கிரியோஜா முதலிய பழைய வகைகளை விளைவித்து, பெயரில்லா ஒயினுக்கும் திராட்சைச் சாற்றுக்கும் விற்கும் சிறு உழவர்கள். அவர்களுடைய புட்டிகளில் மீட்டர் குறிக்கப்படுவதில்லை. பலருக்குத் தம் பெயரிட்ட புட்டியே கிடையாது. ஓர் ஆற்றைத் தலைமடையிலேயே பகிர்ந்து தீர்த்துவிட்டால் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதற்கு அந்த மாநிலத்திலேயே ஒரு பழைய பாடம் உண்டு. மெண்டோசா ஆற்றின் நீரும் சான் குவான் ஆற்றின் நீரும் சேர்ந்து தேங்கிய குவானகாச்சே ஏரிகளில் ஊவார்ப்பே மக்கள் நாணற் படகுகளில் மீன்பிடித்து வாழ்ந்தார்கள். மேலே பாசனம் பெருகப் பெருக ஏரிகள் வற்றின. அந்தச் சதுப்பு 1999இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே ஏரிகள் பெரும்பாலும் மணற்படுகைகளாகிவிட்டன.

இந்த நீர்க்கணக்கு நாளுக்கு நாள் இறுகிவருகிறது. 2010 முதல் மத்திய ஆண்டீஸ் நெடிய வறட்சியில் சிக்கியது. பனி குறைந்த குளிர்காலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதே 2010இல் அர்ஜென்டினா பனியாறுகளை நீர்க்களஞ்சியமாகக் கருதிப் பாதுகாக்கும் சட்டத்தை இயற்றியது. அதைத் தளர்த்தும் முயற்சிகளும் தொடர்ந்து வந்துள்ளன. மெண்டோசாவில் 2007இல் நிறைவேறிய 7722ஆம் சட்டம் சுரங்கத் தொழிலில் சயனைடு, பாதரசம், கந்தக அமிலம் ஆகியவற்றைத் தடைசெய்தது. 2019 டிசம்பரில் மாநிலச் சட்டமன்றம் அந்தத் தடையை நீக்கியபோது பல்லாயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். ‘மெண்டோசாவின் நீர் பேரத்துக்கு அல்ல’ என்பது அவர்களுடைய முழக்கம். அந்த மாத இறுதிக்குள்ளாகவே சட்டமன்றம் தன் திருத்தத்தைத் தானே விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஊர்வலங்களில் நடந்தவர்கள் காத்ததை உயரத்து மால்பெக்கின் கருப்பொருள் என்று சொல்வது மிகையாகாது.

நீரை அடுத்து உழைப்பு. அறுவடைக் காலத்தில் வட மாநிலங்களிலிருந்தும் பொலிவியாவிலிருந்தும் தொழிலாளர்கள் மெண்டோசாவுக்கு வருகிறார்கள். சுமார் 20 கிலோ கொள்ளும் பெட்டியைத் தோளில் சுமந்து வண்டியில் கொட்டினால் ‘ஃபிச்சா’ என்னும் வில்லை ஒன்று கையில் கிடைக்கும்; வில்லைகளின் எண்ணிக்கைதான் கூலி. மலைத்தோட்டத்தில் காய் சிறியது, கொத்து இலேசானது. பெட்டி நிறையக் கூடுதலாகக் குனிய வேண்டியிருக்கிறது. செறிவு என்று நாம் பாராட்டும் அந்தக் குணம், எடைக்கூலியில் பறிப்பவருக்கு நட்டம். உயரத்தைத் தர அடையாளமாக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலை 600 மீட்டர் வரை தாழ்நிலம், 1,200 வரை நடுநிலம், அதற்கு மேல் உயர்நிலம் என்றே வகுத்து விற்கப்படுகிறது. நுவரெலியாவின் குளிரும் மென்மையும் உலகெங்கும் பேசப்பட்டன. அந்தக் கொழுந்தைக் கிள்ளிய மலையகத் தமிழர் 1948இல் குடியுரிமை இழந்து நின்றதை எந்தத் தேயிலைப் பெட்டியும் சொன்னதில்லை. உயரத்தைக் குறிக்கும் எண்களைக் கண்டால் நமக்குச் சற்று எச்சரிக்கை வருவதற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

உலகம் சூடேறச் சூடேற, மேலேறுவது தப்பிக்கும் வழியாகவும் ஆகிவிட்டது. ஸ்பெயினின் தோரெஸ் குடும்பம் பிரெனீஸ் மலையடிவாரத்தில் 950 மீட்டர் உயரத்தில் நிலம் வாங்கி நட்டது இந்த முன்யோசனையால்தான். அதைக் குறைசொல்வதற்கில்லை, வெப்பத்தில் கருகுவதைவிட ஏறிப் பிழைப்பது மேல். ஆனால் ஏறுவதற்கு முதல் வேண்டும். அது இல்லாதவர் வெயிலோடும் ஆலங்கட்டி மழையோடும் வற்றும் வாய்க்காலோடும் கீழேயே நிற்கிறார். மேலும் மலை கூம்பு வடிவமானது. ஏற ஏற இடம் சுருங்கும், மண் மெலியும், உறைபனி நெருங்கும். பனிக்கும் கொடிக்கும் இடையே இருக்கும் தூரம் குறையும். நீரின் ஊற்றுக்கண்ணை நோக்கி நகரும் வேளாண்மைக்குப் பொறுப்பும் அந்த அளவுக்குக் கூடியாக வேண்டும்.

உயரத்து ஒயினைக் குடிக்க வேண்டாம் என்பதோ, அதன் சுவை பொய் என்பதோ நம் வாதமன்று. அந்தச் சுவை உண்மையானது, அழகானது; வெயிலும் இரவும் ஒரு காயின் தோலுக்குள் எழுதிய கணக்கு அது. அதை ஓர் எண்ணாகச் சுருக்குவதைத்தான் நாம் மறுக்கிறோம். அந்த எண் முதற்பொருளில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பொழுதை விட்டுவிடுகிறது. கருப்பொருளாகிய நீரை விட்டுவிடுகிறது. அந்த நீரைப் பங்கிட்டும் காத்தும் உழைத்தும் வாழும் மனிதரின் ஒழுக்கமாகிய உரிப்பொருளை அறவே மறந்துவிடுகிறது. ஒயினைப் பற்றி எழுதுபவர்கள் இனி மீட்டரைக் கேட்கும்போது கூடவே இன்னும் சில கேள்விகளையும் கேட்கலாம். இந்தத் தோட்டத்தின் நீர் வாய்க்காலா, கிணறா? அதே நீருக்குக் கீழே காத்திருப்பவர் யார்? பறித்தவருக்கு எடைக்கூலியா, நாட்கூலியா? எந்த வாரத்தில் பறித்தார்கள், ஏன் அதுவரை காத்திருந்தார்கள்? இவற்றுக்கு விடைசொல்லும் தயாரிப்பாளர்கள் இருக்கக்கூடும். அவர்களுடைய புட்டிக்கு நாம் கூடுதல் விலை தரலாம். விடையற்ற புட்டியில் எண் எவ்வளவு பெரிதாக அச்சாகியிருந்தாலும், அதற்கென்று தனி விலை தரவேண்டியதில்லை.